தையல்காரம்மாவின் காது மிஷின்

ஜனவரி 18

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

முந்தாநாள் இந்த ஊருக்கு முகாம் போட வந்தேன். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்க் கேட்காத காதுகளுக்கு மிஷின் மாட்டிவிடுவதுதான் என் பிழைப்பு. உனக்கு அது மறந்துபோயிருக்கும். உன்னைப் பொறுத்தவரை நான் உன் நாவலுக்குக் கதை பொறுக்கிக்கொண்டு வருகிற ஆள்.

பெட்டியை வைத்ததும் முதலில் தையல்காரம்மாவைப் பார்க்கத்தான் போனேன். கடை மூடியிருக்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அக்டோபரிலிருந்து இப்படித்தானாம். பக்கத்துக் கடையில் விசாரித்தால், மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக மகன் சொன்னானாம். அந்த அம்மாவுக்கு மகளே கிடையாது. ஒரே மகன், வீட்டுத் தரகன்.

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அம்மா தனியாக வந்து மிஷின் மாட்டிக்கொண்டார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்றார். மகனும் மருமகளும் அவருக்குக் காது அறவே கேட்காது என்று நினைத்து எதிரிலேயே உட்கார்ந்து எல்லாம் பேசுவார்கள். வீட்டையும் கடையையும் எப்படி எழுதி வாங்குவது, பிறகு அவரை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது. மிஷினைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டு அத்தனையும் கேட்டார். மகன் பத்திரத்தை நீட்டும்போதெல்லாம், "கண்ணாடியக் காணோம்ப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினார்.

இதை உனக்கு எழுதியபோது 'யாரிடமும் சொல்லாதே' என்று அடிக்கோடு போட்டேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. அட்டை போட்டு அச்சடித்து ஊருக்கே விற்றாய். உன் பன்னிரண்டாவது புத்தகத்தில், ஊர் ஊராகத் துப்பறிகிற உன் பெட்டிக்கார அத்தை ரயிலில் சந்திக்கிற அந்தச் செவிட்டுக் கிழவி யார்? அந்தக் கண்ணாடி யாருடையது?

ஒரு மனுஷியைக் காணோம், அக்கா. உன் கதையில் பதினெட்டாம் அத்தியாயத்தில் எல்லாரும் கிடைத்துவிடுவார்கள். இங்கே எங்கே போய்த் தேடுவேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை


ஜனவரி 27

சின்னவளுக்கு,

முழங்கால் மடங்குகிறது, நிமிர்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

கோபம் தணிந்து பதில் எழுதலாம் என்று மூன்று நாள் காத்திருந்தேன். தணியவில்லை. தணியாமலே டைப் அடிக்கிறேன்.

தையல்காரம்மாவை நான் புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவள் ஆக்கினேன். ஊரைத் துறைமுகம் ஆக்கினேன். மகனை மருமான் ஆக்கினேன். கதையில் அவளுக்கு ஒரு கால் ஊனம். அந்தக் கண்ணாடி வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது, மனசு வரவில்லை. அது என் தப்பு. அதற்கு நீ என்னைத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் போன வருடம் இந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் நீ எனக்கு எழுதிய கடிதம் இதோ எதிரில் இருக்கிறது. 'ரொம்ப நன்றாக வந்திருக்கிறது அக்கா, ஒரே மூச்சில் படித்தேன்' என்கிறாய். அப்போது உனக்கு அந்த அம்மா நினைவுக்கு வரவில்லையா? ஒரு வருடம் கழித்துத்தான் கோபம் வந்ததா?

இன்னொன்று. பதிப்பாளரிடம் கேட்டேன். அந்த வட்டாரத்துக் கடை ஒன்றில்கூட என் புத்தகம் கிடையாதாம். என் புத்தகத்தால்தான் இது நடந்தது என்கிறாயே, அந்தத் தெருவுக்கு அது எப்படிப் போனது?

இனி வேலையைப் பார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காதே. மகன் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களைத் தேடு. கடை திடீரென்று மூடினால் பாதி தைத்த துணி எங்காவது இருக்கும். யாருக்கு எது, எப்போது, எப்படித் திரும்பி வந்தது என்று கேள். முப்பத்துநாலு வருடம் கோர்ட்டில் வாக்குமூலம் டைப் அடித்தவள் சொல்கிறேன், ஆள் பொய் சொல்வான். துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

மகனைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினான். அம்மாவுக்கு ஓய்வு தேவையாம், சித்தி வீட்டில் இருக்கிறார்களாம். பக்கத்துக் கடைக்கு மகள், எனக்குச் சித்தி. எந்த ஊர் என்றேன். நீங்கள் யார் கேட்பதற்கு என்றான். அவருக்குக் காது மிஷின் மாட்டியவள் என்றேன். முகம் சிவந்துவிட்டது. மருமகள் உள்ளேயிருந்து வந்து, "அதான் கதையா எழுதியாச்சே. அதுலயே தேடிப் பாருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

படித்திருக்கிறார்கள், அக்கா. வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். அப்போது நீ என் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

நீ சொன்னபடி துணி கொடுத்தவர்களைத் தேடினேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். எட்டுப் பேருக்கு மகன் துணியை வெட்டியது வெட்டியபடி மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறான். ஒன்பதாவது ஆள் ஒரு பெண், பஸ் கண்டக்டர். அவளுடைய சீருடைச் சட்டை மட்டும் நவம்பரில் முழுசாகத் தைத்து முடிந்து, தபாலில் பார்சலாக வந்திருக்கிறது. கையால் போட்ட தையல், மிஷின் தையல் இல்லை. "அவங்க தையல்தான் இது. நான் போட்டுட்டுத்தானே இருக்கேன்" என்று காலரைத் திருப்பிக் காட்டினாள்.

உயிரோடு இருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

உன் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் இப்போது நேரமில்லை.

தங்கை


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

பார்சல் சுற்றிய காகிதத்தைக் கண்டக்டர் வைத்திருக்கிறாளா என்று கேள். தபால் முத்திரையில் ஊர் இருக்கும். விலாசம் யார் கையெழுத்து என்றும் பார். காகிதத்தைத் தூக்கிப் போட்டிருந்தால், கொண்டுவந்து கொடுத்த தபால்காரரைக் கேள். பொட்டலத்தைத் தூக்கி வந்தவருக்கு ஊர் நினைவிருக்கும்.

பதில் வேண்டிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். 'மற்றக் கேள்விகள்' என்று பன்மையில் எழுதுகிறாய். புத்தகம் அந்தத் தெருவுக்கு எப்படிப் போனது?

இங்கே எனக்கு இருமல். பெரிதாக ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. டாக்டரைப் பார்.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டக்டர் காகிதத்தை மடித்து அலமாரித் தட்டில் விரித்திருந்தாள். முத்திரையில் இருந்த ஊருக்கு ரயிலில் நாலு மணி நேரம். அந்த ஊரில் ஒரே ஒரு முதியோர் இல்லம்தான். இரண்டு முகாமைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனேன்.

நீளமான ஒரு கட்டடம், கடைசியில் ஜன்னல் உயரத்தில் வைத்த ஒரு அறை. படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அதற்கு நடுவில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலையாம். மேற்பார்வை பார்க்கிற அம்மாளுக்குப் பரம சந்தோஷம், சம்பளமில்லாமல் ஒரு தையல்காரி. "பொழுது போகணுமில்ல அவங்களுக்கு" என்றாள். இழுத்து ஒரு அறை விடலாம் போல இருந்தது. வீட்டில் முடிக்க எடுத்து வைத்திருந்த கண்டக்டரின் சட்டையைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து ராத்திரியும் பகலுமாகக் கையாலேயே முடித்திருக்கிறார். சலவை வண்டிக்காரர்தான் தபாலில் போட்டாராம்.

நான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தையலுக்குப் போய்விட்டார். பேசினால் கேட்காது. அக்டோபரில் ஒரு நாள், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, மகன் பின்னால் வந்து அவர் முடியை விலக்கி, மிஷினைப் பிடுங்கித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டிருக்கிறான். மறுநாள் கடைப்பக்கம்கூட விடாமல் காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டான். இதெல்லாம் அவர், மற்றவர்கள் காதில் விழாமல் இருக்க, எனக்கு எழுதிக் காட்டியது. கறுப்புத் துணி ஒன்றை விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் எழுதினார்.

கடைசியாக எழுதினார்: 'யார் சொன்னது?'

நான் அந்தக் கட்டியை வாங்கி, 'என் அக்கா எழுதிவிட்டாள்' என்று எழுதினேன்.

உள்ளங்கையால் அதை அழித்தார். புது மிஷினுக்குக் காதின் அளவுக்கு அச்சு எடுக்கலாம் என்று காதைத் தொட்டேன். "தொடாத" என்றார். கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாதே. அந்தக் கட்டடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உன் பதிப்பாளரிடம் சொல்லி அந்தப் புத்தகத்தை நிறுத்து. அது ஒன்றாவது செய்.

தங்கை


மார்ச் 15

சின்னவளுக்கு,

புத்தகத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். மீதியிருக்கிற பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறார்கள். இது உனக்காக இல்லை.

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

எட்டு வருடமாக நீ அந்த ஊரிலிருந்து எழுதிய ஜனவரிக் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். எட்டிலும் லாட்ஜ்காரம்மா இருக்கிறாள். அவள் வளர்க்கிற பூனை, அவள் போடுகிற தண்ணித் தேநீர், உனக்கென்று ஒதுக்கி வைக்கிற தெருப்பக்கத்து அறை, ராத்திரி உன்னோடு உட்கார்ந்து அடிக்கிற அரட்டை. இந்த வருடம் அதே ஊரிலிருந்து இரண்டு கடிதம் எழுதினாய். ஊரில் ஒன்பது பேரை விசாரித்தாய், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாய். உனக்கு அங்கே நன்றாகத் தெரிந்த ஒரே ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எழுதவில்லை. அவள் பேச்சே இல்லை.

எனக்கு வேறு சாட்சி வேண்டாம். போன வருடம் ஜனவரியில் நான் கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பிய பிரதி இப்போது எங்கே இருக்கிறது?

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'என் அக்கா' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

ஆறு வாரமாயிற்று. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இருமல் விட்டதா என்றுகூடக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

புத்தகம் லாட்ஜ்காரம்மாவிடம்தான் இருந்தது. நான்தான் கொடுத்தேன். போன வருடம் முகாம் முடிந்த அன்று கொடுத்தேன். நீ கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

அன்று என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன். அவள் அட்டையைப் பார்த்துவிட்டு, பெரிய எழுத்தாளருக்குத் தங்கையா நீங்கள் என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கு என்னவோ போல ஆயிற்று. "எழுதுனது அவ. ஆனா பெட்டிக்கார அத்தை நான்தான். எங்கக்கா பஸ் ஸ்டாண்டத் தாண்டிப் போனதில்ல" என்றேன். அவள் நம்பவில்லை, சிரித்தாள். நம்ப வைக்கப் பதினொன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து, அந்தச் செவிட்டுக் கிழவி யார் தெரியுமா என்று கேட்டு, ஜன்னல் வழியாக விரலை நீட்டித் தையல் கடையைக் காட்டினேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். உனக்குப் போட்ட அதே அடிக்கோடு.

செப்டம்பரில் தரகனின் மனைவி படிக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். லாட்ஜ்காரம்மா அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், கூடவே நான் சொன்னதையும். இதெல்லாம் லாட்ஜ்காரம்மாவே சொல்லி எனக்கு ஜனவரி 17ஆம் தேதியே தெரியும். மறுநாள்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

போன வாரம் மறுபடி இல்லத்துக்குப் போனேன். கறுப்புத் துணியில் 'சொன்னது நான்தான்' என்று எழுதிக் காட்டினேன். படித்தார். பிறகு காதைக் காட்டினார். அச்சு எடுத்துவிட்டேன்.

எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

தங்கை


மே 6

சின்னவளுக்கு,

இருமல் போய்விட்டது. நீ விசாரிக்காமலே போய்விட்டது.

அப்பா பதினாலு வருடம் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கோர்ட்டிலிருந்து மத்தியானம் ஓடிவந்து புரட்டிவிட்டு மறுபடி ஓடுவேன். நீ வருடத்துக்கு மூன்று நாள், கையில் ஒரு பெட்டியோடு வருவாய். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாய், அவர் சிரிப்பார். நீ போன பிறகு ஒரு வாரம், சின்னவள் எப்போது வருவாள் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அவர் கால்மாட்டில் மேஜையைப் போட்டுக்கொண்டு எழுதினேன். பன்னிரண்டு புத்தகத்தில் ஒன்பது அந்தக் கால்மாட்டில் எழுதியது.

பெட்டிக்கார அத்தை நீ இல்லை. நீ ஊரைப் பார்த்தாய், மனுஷர்களைப் பார்த்தாய், பார்த்ததை எழுதி அனுப்பினாய். யார் பொய் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது உனக்குத் தெரிந்ததா? அதையெல்லாம் கண்டுபிடித்தவள் இந்த வீட்டைவிட்டு வெளியே போகாதவள். இப்போதும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

நான் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாததற்குப் பயம் காரணம் என்று அந்த லாட்ஜ்காரம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். அப்பாவைத் தனியாக விட முடியாது, இரண்டு பேரில் ஒருத்திதான் கிளம்ப முடியும் என்று இருந்தது. நீ முந்திக்கொண்டாய். அதற்குக்கூட நான் உன்னை ஒன்றும் சொன்னதில்லை. உன் கடிதம் வருகிற நாளில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படிப்பேன். நீ நான் கிளம்பாததையே எடுத்து எவளோ ஒருத்தியிடம் என்னை எள்ளுவதற்கு வைத்துக்கொண்டாய்.

அப்பா போய் ஆறு வருடமாயிற்றே, அதற்கப்புறம் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். கிளம்பத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

தையல்காரம்மாவின் விலாசத்தை அனுப்பு. நான் நேராக எழுதுகிறேன். அவருக்கு நாம் இரண்டு பேரும் கடன்பட்டிருக்கிறோம், உன் பங்கை நீயே தீர்த்துக்கொள்.

அக்கா


மே 24

கதை எழுதுகிற அம்மாவுக்கு,

தையல் வேலை செய்கிறவள் எழுதுவது. நலம் கேட்டிருந்தீர்கள். நலமாக இல்லை. படுக்கை விரிப்பு தைத்துத் தைத்து விரல் காய்த்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் 'மன்னியுங்கள்' ஐந்து இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். உங்கள் தங்கை வந்து அழுதுவிட்டுப் போனாள். அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன தைப்பது? என் பிள்ளையும் என்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அழுதான்.

கண்ணாடியைக் காணோம் என்பது என் பேச்சு. அதை வைத்துத்தான் என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது நன்றாக இருந்ததாம், அச்சடித்தீர்களாம். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

நான் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வீடும் கடையும் என் பெயரில்தான் இருக்கிறது, பத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். வெளியே போகிறேன் என்றால், கொண்டுவந்து விட்டவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். எனக்குக் கேட்காததால் இரண்டு தடவைக்கு மேல் சொல்வதில்லை, கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் கோர்ட்டில் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மன்னிப்பு வேண்டாம், ஆள் வேண்டும். வர முடியுமானால் வாருங்கள். முடியாவிட்டால் இனிமேல் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
தையல்காரி


ஜூன் 1

சின்னவளுக்கு,

பதினான்காம் தேதி கிளம்புகிறேன். காது மிஷினையும் அச்சையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. மாட்டுவது எப்படி என்று எழுதி வை. நீ வர வேண்டாம்.

அக்கா


ஜூன் 7

அக்கா,

மிஷின் இத்துடன் இருக்கிறது. பாட்டரி பன்னிரண்டு வைத்திருக்கிறேன். அச்சைக் காதுக்குள் வைத்துப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். சரியாக உட்காராவிட்டால் விசில் சத்தம் வரும், பயப்படாதே. சிவப்புப் புள்ளி வலது காதுக்கு.

ஒன்பது மணி நேரப் பயணம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் சீட் கேள், தூக்கிப் போடாது. முழங்காலை மடக்கியே வைக்காதே. நான் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்து சீட்டில் வருகிறேனே என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

பத்திரம்.
தங்கை


ஜூன் 27

சின்னவளுக்கு,

தையல் கடையிலிருந்து எழுதுகிறேன். நானும் அந்த அம்மாவும் சௌக்கியம். உனக்குத் தெரிந்தாக வேண்டியது இருப்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக நீ எழுதிய கடிதங்களில் எத்தனையோ ஊர் இருந்தது, வழியில் கழிப்பறைக்கு எங்கே இறங்குவது என்று ஒரு கடிதத்தில்கூட இல்லை. பக்கத்து சீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். எனக்கு எழுபது வயது, முதல் பயணம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அடிக்கடி போகிறவள் போலப் பேசிக்கொண்டு வந்தேன்.

இல்லத்து அம்மாள் அதே பாட்டைப் பாடினாள், கொண்டுவந்து விட்டவர் வர வேண்டும் என்று. அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றேன். மகன் கையெழுத்து மட்டும் இருந்தது. டாக்டர் கையெழுத்து இல்லை, தையல்காரம்மா கையெழுத்தும் இல்லை. நான் பையிலிருந்து வெள்ளைத்தாளும் கார்பனும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். "சுயபுத்தியோட இருக்கிற ஒருத்தர, அவங்க போறேன்னு சொல்லியும் நான் அனுப்ப மாட்டேன்னு இதுல எழுதுங்க. கீழ உங்க பேரும் தேதியும் போடுங்க. ரெண்டு காப்பி போதும்" என்றேன். தாளை என் பக்கமே தள்ளினாள். பிறகு சாவிக்கொத்தை எடுத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் தையல்காரம்மா காலையிலேயே பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த விரிப்பைப் பாதித் தையலில் ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

காது மிஷினை பஸ் நிறுத்தத்தில் மாட்டினோம். எனக்கு வரவில்லை, விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு மூச்சு வாங்குதே உங்களுக்கு. எப்படி வந்து சேந்தீங்க?" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடையில் மகன் போட்ட புதுப் பூட்டு. கண்டக்டர் வேலை முடிந்து சீருடையோடு வந்தாள், பூட்டுக்காரரையும் கூட்டி வந்தாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எதிர் வாசலில் லாட்ஜ்காரம்மாவும் நின்றாள். தையல்காரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே தையல் மிஷினைச் சுவர் ஓரமாகத் தள்ளி மேலே சாக்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூன்று பேரும் இறக்கினோம்.

மறுநாள் காலை மகன் வந்தான், மனைவியும் வந்தாள். அந்த அம்மா முடியை உயரத் தூக்கிக் கட்டிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் வாசற்படியில் கால் வைக்கும்போதே கத்த ஆரம்பித்தான். யாரைக் கேட்டு வந்தாய், இந்தக் கிழவி யார், ஊரில் என் மானத்தை வாங்கவா என்று. இத்தனை வருடமாக அவன் அம்மாவிடம் கத்தித்தான் பேசியிருக்கிறான், பழக்கம்.

அவர் தையலை நிறுத்தவில்லை. அந்த ஓரம் முடிந்ததும் நூலை அறுத்துவிட்டுச் சொன்னார்:

"மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குது."

அவன் நின்றுவிட்டான். "அம்மா" என்றான், சின்னக் குரலில். அந்தக் குரலில் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. மனைவிதான் கோர்ட்டுக்குப் போவோம் என்றாள். போங்கள், அங்கே எனக்கு எந்த நாற்காலி ஆடும் என்றுகூடத் தெரியும் என்றேன். இரண்டு பேரும் போனார்கள். மறுபடி வருவார்கள். வரும்போது நான் இங்கே இருப்பேன். அந்த அம்மா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. தப்பாகத் தைத்ததைப் பிரிக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது பொருத்தம்தான் என்கிறார்.

நீ இங்கே வரலாமா என்று கேட்டு எழுதுவாய். அவரைக் கேட்டேன். அடுத்த ஜனவரிக்கு முகாம் போட வரட்டும், எனக்கு அச்சு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அதற்கு முன்னால் வராதே. என் பங்குக்கு உன்மேல் இருக்கிற கோபம் வந்த வழியெல்லாம் என்னோடு பஸ்ஸில்தான் வந்தது. இறங்குகிற மாதிரித் தெரியவில்லை.

இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் மலைமேல் ஒரு ஊர் இருக்கிறதாம். கண்டக்டரின் பஸ் அங்கேதான் போகிறது. மேலே போகப் போக மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், தனியாகத்தான். அங்கே என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா